மலைக்காற்றுக்குப் பூட்டிய டர்போ

"கீழ போவீங்களா?"

வண்டியை ஸ்டாண்டில் போட்டு முடிப்பதற்குள் பாலகுமார் இதைக் கேட்டுவிடுவார். என்ன கோளாறு, எத்தனை நாளாக, கடைசியாக யார் கை வைத்தது என்பதெல்லாம் அப்புறம்தான். கீழே என்றால் மேட்டுப்பாளையமும் அதற்கு அப்பாலும். "எப்பவாவது போவேங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. வண்டி அன்றைக்குக் கிடைக்காது. ரிப்பேரை முடித்து, தானே ஏறி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிச் சமதரையில் நன்றாக முறுக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மலையேறி வந்த பிறகுதான் சாவி கைக்கு வரும். கிளட்ச் கேபிள் மாற்றப் போனவனுக்கும் இதே கதிதான்.

கேபிளுக்கு எதற்கு மேட்டுப்பாளையம் என்று கேட்டுச் சண்டை போட்டவர்கள் உண்டு. "இருக்கட்டுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அவசரக்காரர்கள் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள். என்னைப் போல வேலைவெட்டி குறைந்தவர்கள் மட்டும் அவரிடம் தங்கியிருக்கிறோம்.

அருவங்காட்டிலிருந்து ஜெகதளா போகிற ரோட்டில், வளைவு முடிந்ததும் இடப்பக்கம் அவருடைய தகர ஷெட். போர்டு கிடையாது. வாரத்தில் ஆறு நாள் பகலில் அவர் மெக்கானிக்கும் கிடையாது. சிறு தோட்டக்காரர்களிடம் இலை வாங்கி அரைக்கிற ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். பறித்து வந்த பச்சை இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்றை ஊதி வாட்டுவார்கள். அந்த விசிறிகள் அவர் பொறுப்பு. தொட்டியின் மேல் புறங்கையை நீட்டிப் பிடித்தபடி ஒரு நடை நடந்துவிட்டு, எந்த விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். கையில் காற்றளவு மானி இருந்தாலும் புறங்கைதான்.

அதனாலோ என்னவோ, அவருக்கு உலகத்தில் நடக்கிற எல்லாமே காற்றினால் நடப்பது. பருப்பு வேகவில்லையா? "அது காத்துப் பிரச்சனைங்க." அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இருமலா, எதிர்வீட்டுக்காரனுக்குக் கோபமா, தேர்தலில் நின்றவர் டெபாசிட் இழந்தாரா, எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒரு காலத்தில் இதைச் சொல்லும்போது அவரே சிரிப்பார் என்கிறார்கள். நான் பழகத் தொடங்கிய பிறகு சிரித்துப் பார்த்ததில்லை.

ஆள் ஒல்லி. ஐம்பது வயது. வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த ஸ்வெட்டரை மார்கழியிலும் சித்திரையிலும் கழற்றுவதில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், அப்போது இவர் கைக்குழந்தை. அந்த ஊர் இவருக்கு நினைவில் இல்லை, ஆனாலும் வீட்டை லயம் என்றும் டீயைத் தேத்தண்ணி என்றும்தான் சொல்கிறார். பாலில்லாத கறுத்த தேத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். கடித்துக்கொண்டே குடிப்பார். பாதிக் கிளாஸில் எழுந்துபோய் ஏதாவது வண்டியின் புகைக்குழாய் முன்னால் கையைக் காட்டிவிட்டு வருவார்.

ஊருக்கு அவர் "டர்போ குமார்". இந்தப் பெயரை அவர் முன்னால் சொல்லாமல் இருப்பது நல்லது. தெரியாமல் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள், பெரும்பாலும் வெளியூர். பிரைட்டன் வண்டி மாதிரி தங்கள் வண்டிக்கும் வேண்டும் என்பார்கள். "பார்ட்ஸ் வர்றதில்லீங்க" என்று முதுகைத் திருப்பிக்கொள்வார். தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் மரியாதையோடு திரும்பிப் போவார்கள்.

பிரைட்டன் யார் என்று சொல்ல வேண்டும்.

வெலிங்டன் பக்கம் இருக்கிறவன். முப்பத்தைந்து வயது. பெங்களூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் கூட்டமாக வண்டியில் வருகிறவர்களை மலை முழுக்கச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டி இவன். பின்னால் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள லியோ என்ற கூட்டாளி. பிரைட்டனிடம் இருந்தது ஒரு பழைய ஜப்பான் வண்டி, ஊரைக் காலி செய்துகொண்டு போன எஸ்டேட் மானேஜர் ஒருவர் விட்டுப்போனது. நாலு சிலிண்டர், அகலமான சீட்டு, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி. நாள் முழுக்க உட்கார்ந்து போகலாம். ஆனால் வயசாளி. பின்னால் ஒரு ஆளும் இரண்டு பெட்டி நிறையச் சாமானும் ஏற்றினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். விருந்தாளிகள் புது வண்டியில் முந்திக்கொண்டு போய், மேலே நின்று வழிகாட்டிக்காகக் காத்திருப்பார்கள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

மலையில் எல்லா வண்டிக்கும் உள்ள வியாதிதான் இது. மேலே காற்று லேசு. அடுப்பானாலும் என்ஜினானாலும் காற்றில்லாமல் எரியாது. அப்படியானால் காற்றை நெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார் பாலகுமார். வெளியே வீணாகப் போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அதே அச்சில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி என்ஜினுக்குள் திணிக்கும். அதுதான் டர்போ. விசிறி வைத்து இலைக்கு ஊதுகிற மனிதருக்கு இது வேற்று ஊர்ச் சமாச்சாரமாகவே தோன்றியிருக்காது.

சனி ஞாயிறானால் சுற்றுலாக் கார்கள் நகராமல் நின்று ஹார்ன் அடிக்கிற ஊர் இது. இந்த ஊரில் ஒருவன் வண்டிக்கு டர்போ வைத்தான் என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். எரிச்சலும் வந்திருக்கும். பின்னாளில் கதை முழுக்கத் தெரிந்தபோது இரண்டும் வரவில்லை.

கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவைத் தேடி வாங்கி வந்தார்கள். ஃபேக்டரி வேலை முடிந்து வந்து பாலகுமார் குழாய் வளைத்தார், வெட்டினார், பிடிக்காமல் மறுபடி வெட்டினார். பிரைட்டனின் மனைவி ஈவ்லின், குன்னூரில் ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறவள், ஒரு நாள் ஷெட்டுக்கு நேராகவே வந்துவிட்டாள். இது என்ன விளையாட்டு என்று கேட்டாள். ஏற்றத்துக்கு மட்டும்தான் என்றான் பிரைட்டன். கூட வந்திருந்த மகள் தலைமேல் கைவைத்து, எந்த ரோடானாலும் எண்பதைத் தாண்டமாட்டேன் என்று அன்று வாக்குக் கொடுத்தான். பாலகுமார் சாட்சி. அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் அவள் படியேறிப் போனாள்.

வண்டி தயாரானதும் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். தொட்டபெட்டா ஏறினார்கள். கோத்தகிரி, சோலூர், கல்லட்டி ஏற்றம் எதையும் விடவில்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் போகிற பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பெயர்; அந்தத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, மறுபடி மாற்றி, கடைசியில் ஒரு நாள் இதுதான் என்று நிறுத்தினார். இரண்டு பெட்டியிலும் சாமானை அடைத்து, பின்னால் இவரையும் ஏற்றிக்கொண்டு, கல்லட்டியை ஒரே மூச்சில் ஏறியது வண்டி. டர்போ விசிலடித்தது. மேலே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நின்றார்களாம். மேட்டுப்பாளையம் வரை இறங்கியும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று பிரைட்டன் கேட்டிருக்கிறான். ஏறத்தான் வைத்தது, ஏற்றத்தில் பார்த்தாயிற்று என்று சொன்னவர் பாலகுமார்.

போன வருஷம் மாசி மாதம், கோயமுத்தூரிலிருந்து வருகிற ஒரு கூட்டத்தை அழைத்துவரப் பிரைட்டன் கீழே போனான். மேட்டுப்பாளையம் தாண்டி, காரமடை ரோட்டில், தேங்காய் லாரி ஒன்றை முந்தும்போது விழுந்தான். தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியது. இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் மிஞ்சவில்லை.

பறந்து வந்தான் என்றார் லாரிக்காரர். ரோட்டோரத்தில் இளநீர் விற்றவரும் அதையே சொன்னார். விசில் சத்தம் கேட்ட எல்லோரும் வேகம் என்றார்கள். தினசரியில் அதிவேகம் என்று மூன்று வரி வந்தது. போலீஸாரும் அப்படியே எழுதி முடித்தார்கள். லியோ அன்று கூடப் போகவே இல்லை. ஆனாலும் நூற்றி நாற்பதையாவது தொட்டிருப்பான் என்று நண்பர்களிடம் ஏதோ பெருமை போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்படித்தான் பாலகுமாருக்குப் பெயர் பரவியது. ஒரு மனிதன் முதுகெலும்பு முறிந்து கிடந்ததில் ஒரு மெக்கானிக்குக் கிடைத்த புகழ் அது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததிலிருந்து பிரைட்டன் ஒன்றையே சொன்னான்: "எண்பதுல தான் போனேன்."

ஈவ்லின் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அவள் அவனைக் கழுவினாள், துடைத்தாள், உடுத்தினாள், இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகள் தலைமேல் வைத்த கையை அவளால் மறக்க முடியவில்லை. "எண்பதுல போனவனுக்கு முதுகு ஒடியுமா" என்று ஒரு தடவை கேட்டாளாம். அதன் பிறகு அவன் எண்பது என்று தொடங்கினால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

இவ்வளவும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மிச்சத்தை நான் போன ஐப்பசியில் தெரிந்துகொண்டேன்.

என் ஸ்கூட்டர் கார்புரேட்டர் காலத்தது. அதைச் சரிபார்த்துவிட்டு, வழக்கம்போலக் கீழே கொண்டுபோகக் கிளம்பினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். காட்டேரி தாண்டினோம், பர்லியார் தாண்டினோம்.  கல்லாறு பாக்குத்தோப்புகளின் புழுக்கம் முகத்தில் அடித்தபோது அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா சார், இவ்வளவு தூரம் நாம முறுக்கவே இல்லீங்க."

உண்மைதான். மலையில் வண்டி ஓட்டுகிறவன் இறங்கும்போது கியரைக் குறைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, என்ஜின் பிடியிலேயே இறங்குவான். எங்கள் ஊரில் அதைப் பழகத்தான் முதலில் அடி வாங்குவோம். இறங்குகிற முப்பது கிலோமீட்டரும் என்ஜினுக்கு ஓய்வு.

காரமடை ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினார். நடுவில் சிமெண்ட் தடுப்பு. அதில் ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மேல காத்து லேசுங்க. அந்தக் காத்துக்குத் தக்கன பெட்ரோல் வச்சேன். இங்க காத்து கனம். டர்போவுக்கு என்ன தெரியும், கனமான காத்தையும் அள்ளி நெட்டுது. பெட்ரோல் மட்டும் குன்னூர் அளவுலயே போகுது. பத்தலீங்க. பெட்ரோல் பத்தாம எரியுற நெருப்பு இருக்குதே, அது ரொம்பச் சூடு. பிஸ்டன் உருகிப் போச்சு."

போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த வண்டியை அவரே போய் எடுத்து வந்திருக்கிறார். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு என்ஜினைப் பிரித்திருக்கிறார். பிஸ்டனின் உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த என்ஜின் அப்படியே இறுகி, பின்சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றிருக்கிறது. எழுபதானாலும் எண்பதானாலும் விழுந்துதான் ஆக வேண்டும். அவன் வேகமாகப் போகவில்லை. வாக்கு மாறவும் இல்லை.

மேலே வைத்தது கீழே பத்தாது என்பது மலையில் இருக்கிற எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். இவருக்கும் தெரியும். ஏறுவதற்கென்றே ஒன்றைச் செய்தவர் அதை ஏற்றத்திலேயே வைத்துப் பார்த்தார். வண்டி கீழேயும் போகும் என்பது அந்த மூன்று வாரச் சந்தோஷத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. இதை யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மனைவி வனிதாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கேஸ் ஆகும், ஃபேக்டரி வேலை போகும், போன கால் திரும்பியா வரப்போகிறது, வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று அவள் அழுதிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரைட்டன் வீட்டுக்குப் போகிறார். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவன் எண்பது என்று சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதை எப்படிச் செய்ய முடிகிறது என்று கேட்டேன். சொல்லிவிடுங்கள் என்றேன், கொஞ்சம் குரலை உயர்த்தியே.

"சொல்லிட்டா, ஞாயித்துக்கெழம நான் எங்கீங்க போறது?" என்றார்.

  ஸ்கூட்டரை எடுத்து, தடுப்பு ஓரமாகவே இரண்டு தடவை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "உங்குளுது சரியா இருக்குதுங்க" என்றார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வரமுடியுமா என்று என்னைக் கேட்டார். எதற்கென்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். போனேன்.

பிரைட்டன் வீடு ரோட்டிலிருந்து படியிறங்கிப் போகிற வீடு. எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான். காலிருக்கிறவர்களுக்கு அது ஒரு அழகு. பிரைட்டனைச் சக்கர நாற்காலியோடு மேலே ரோட்டுக்குத் தூக்கி வர நாலு பேர் வேண்டும், அதனால் ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் அவன் போனதில்லை. முன்னறை ஜன்னலோரம் கட்டில். தோள்கள் இன்னும் திடமாக இருந்தன. போர்வைக்குக் கீழே எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அன்று அவன் உற்சாகமாக இருந்தான். சர்ச்சில் வாலிபர் கூட்டம் வருகிறதாம். சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருக்கிறார். சாட்சி என்றால், தன் வாழ்க்கையில் நடந்ததைச் சபை முன்னால் எழுந்து சொல்வது. பையன்கள் வந்து நாற்காலியோடு தூக்கிப் போவார்கள். வேகத்தால் நான் இழந்தது என்று தலைப்பு. ஈவ்லினுக்கும் சம்மதம் என்றான். சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது.

எங்களிடமே சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் பேசினான். எனக்கு எல்லாம் இருந்தது, மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், ஒரு நிமிஷ ஆசைக்காக அதை மீறினேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"அண்ணா, இங்கதான் ஒரு நம்பர் வேணும். நம்ம செட்டிங்குக்கு எவ்வளவு போயிருக்கும்? லியோ நூத்தி நாப்பதுங்கிறான். சபையில பொய் சொல்லக் கூடாதில்ல, சரியாச் சொல்லுங்க."

நான் பிரைட்டன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, சந்தேகம் இல்லை. யாரும் நம்பாததைச் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஊர் சொன்னதையே தானும் நம்பிவிட்டான். வீட்டில் ஒரு முகம் திரும்பிப் பார்ப்பதற்காக நம்பியிருக்கலாம். எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பாலகுமார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எண்பதுதான் தம்பி."

"இல்லண்ணா, அது நான் சும்மா..."

"எண்பதுதான். நீ சரியாத்தான் போனே. ஜெட்டு நான் தப்பா வச்சேன். குன்னூர்க் காத்துக்கு வச்சேன். கீழ அது பத்தாது. பிஸ்டன் உருகி என்ஜின் புடிச்சிருச்சு. பிரிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈவ்லின் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் ஈரத்துணி. பிரைட்டன் அவளைப் பார்க்கவில்லை. பாலகுமாரையும் பார்த்தானா என்று சொல்ல முடியாது. வாய் மட்டும் இரண்டு தடவை அசைந்தது. கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிவான் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப எண்பதுதானே?" என்றான்.

"எண்பதுதான்."

"ஈவ்லின், கேட்டியா?"

 அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அப்புறம் தலையைத் தூக்காமலே பாலகுமாரிடம் பேசினாள். சத்தம் போடாமல், கவுண்டரில் நின்று பேசுகிற குரலில்.

"வாரா வாரம் வந்து எங்கூட்டுல சாப்பிட்டீங்களேண்ணா. நான் இவரைப் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்களே."

பாலகுமார் ஏதோ சொல்ல எடுத்தார். அவள் வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினாள். "போயிட்டு வாங்க" என்றுதான் வாய் சொன்னது. அந்த வீட்டில் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் வரச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

வெளியே மழையும் இல்லை பனியும் இல்லை என்கிற மாதிரி ஒன்று விழுந்துகொண்டிருந்தது. பாதிப் படி வரை ஏறினோம். அங்கே ஈரப் படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். நானும் நின்றேன். ஜன்னல் வழியாகப் பிரைட்டன் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான். இவ்வளவு உரக்க அவன் பேசி நான் கேட்டதில்லை.

"சாட்சி மாறிப்போச்சு பாஸ்டர். நான் எண்பதுல தான் போயிருக்கேன்... ஆமா பாஸ்டர்... குமாரண்ணனே சொல்லிட்டாரு. அவர் வச்ச ஜெட்டுதானாம்."

அதை முடித்ததும் அடுத்த ஆளுக்கு. அதே வார்த்தைகள், அதே சந்தோஷம். சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் விளங்காத ஒருவன், தன் கால் எப்படிப் போனது என்று தெரிந்துகொண்ட நாளில் ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தான். பாலகுமார் பெயர் ஒவ்வொரு அழைப்பிலும் வந்தது. திட்டவில்லை. அண்ணன் என்றுதான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது அழைப்பு லியோவுக்கு. அது முடிந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாலகுமாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். லியோ. லியோவுக்குத் தெரிந்தால் வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த மாதிரி. இரவுக்குள் ஃபேக்டரிக்கும் போய்விடும். இப்போது எடுக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் வனிதாவிடம் பேசிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

அவர் படியை விட்டு எழுந்து நின்றார். ஃபேக்டரி மானேஜர் முன்னால் போகும்போது செய்வதைப் போல, தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். பிறகு போனைக் காதில் வைத்தார்.